மாணவர் தலைவர்களுக்கு ஞான ஒடுக்கம்: முதலில் நிகழ்ச்சி நிரலில் பாதியை அடியுங்கள்

கேள்வி கேட்டவர் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவி. கத்தோலிக்க மாணவர் இயக்கத்தின் செயலாளர். இயக்கப் பொறுப்பாளர்கள், பாடற்குழு, விடுதிப் பிரதிநிதிகள் என்று முப்பது பேருக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை ரிட்ரீட் ஏற்பாடு செய்யும்படி ஆன்ம குரு சொல்லியிருக்கிறார். போன வருடம் நடந்தது ஆளுமைப் பயிற்சி முகாம் போலவே இருந்ததாம். இந்த முறை உண்மையான தியானமாக நடத்த என்ன செய்ய வேண்டும், யாரைப் பேச அழைக்கலாம், பொறுப்பில் இருக்கும் மற்ற சபை, மற்ற மத நண்பர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறார்.

இருபது வருடங்களாக ஆசிரியர் என்ற முறையில் இப்படிப்பட்ட ரிட்ரீட்டுகளில் கூடவே இருந்திருக்கிறேன். அதனால் நீளமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலில் பொறுப்பேற்று நடத்தியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாளில் பதினோரு அமர்வுகள். தலைமைப் பண்பு, நேர மேலாண்மை, ஊடகமும் இளைஞரும் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். சனிக்கிழமை இரவு கலை நிகழ்ச்சி. வாசலில் எல்லாப் பொறுப்பாளர்களின் படமும் போட்ட ஃப்ளெக்ஸ். ஞாயிறு திருப்பலி முடிந்து பேருந்துக்குக் காத்திருந்தபோது, துணைத் தலைவியாக இருந்த பெண் சிமெண்ட் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்து அப்படியே தூங்கிவிட்டாள். எழுப்பினேன். "சார், ரெண்டு நாள்ல ஒரு நிமிஷம்கூட நான் தனியா இருக்கல சார்" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தூக்கக் கலக்கத்தில் சொன்னாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

நம் பாட்டி காலத்தில் இதற்கு ஞான ஒடுக்கம் என்று பெயர். ஆமை கால்களையும் தலையையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்கிறதே, அதுதான் ஒடுக்கம். இன்று தவக்காலத்தில் மைக் வைத்து மூன்று நாள் பிரசங்கம் செய்வதையும் தியானம் என்கிறோம், கண்ணை மூடித் தனியாக உட்கார்வதையும் தியானம் என்கிறோம். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. பழைய சொல்லைத் திரும்பப் பிடித்தாலே பாதி வேலை முடியும்: எதையெல்லாம் வெளியே விடப் போகிறோம் என்ற கேள்வி தானாக வரும்.

மாணவர் தலைவர்கள் விஷயத்தில் இது இன்னும் கடினம். அவர்கள் எங்கே போனாலும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள், மைக்கைச் சரிபார்ப்பார்கள், வராதவனுக்கு போன் அடிப்பார்கள். சும்மா இருக்கச் சொன்னால் கை நடுங்கும். ஆகவே உங்கள் இரண்டு நாளின் நோக்கம் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: தலைவர்கள் எதையும் தலைமை தாங்காத இரண்டு நாள். வரவேற்புரை, நன்றியுரை, குழுத் தலைவர், நிகழ்ச்சித் தொகுப்பு எதுவும் அவர்களுக்கு வேண்டாம். மணி அடிப்பது, தண்ணீர் வைப்பது போன்றவற்றுக்குப் போன வருடம் பொறுப்பில் இருந்து படிப்பை முடித்தவர்கள் மூன்று பேரைக் கெஞ்சிக் கூப்பிடுங்கள், வருவார்கள். இதில் முதலில் அடிபடுவது நீங்கள்தான். வெள்ளி மாலை ஆறு மணிக்கு உங்கள் கையிலுள்ள பட்டியலை அவர்களிடம் கொடுத்துவிட்டு நீங்களும் முப்பதில் ஒருவராக உட்கார வேண்டும். செயலாளர் கடைசிவரை ஓடிக்கொண்டே இருந்த ரிட்ரீட்டுகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

இதற்கு நற்செய்தியிலேயே இடம் இருக்கிறது. மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீடர்கள் பணிக்குப் போய்த் திரும்பி வந்து செய்ததையெல்லாம் அடுக்குகிறார்கள். நம் ஆண்டறிக்கை மாதிரி. சாப்பிடக்கூட நேரமில்லாமல் ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். இயேசு அறிக்கையைப் பாராட்டவும் இல்லை, திருத்தவும் இல்லை. தனிமையான இடத்துக்குப் போய் ஓய்வெடுங்கள் என்கிறார். (போன இடத்துக்கு மக்கள் முந்திக்கொண்டு வந்து நின்றார்கள் என்பது அடுத்த சில வசனங்களில் வரும். விடுதிப் பிரதிநிதிகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.)

வெள்ளி இரவுக்கு நான் பரிந்துரைப்பது இறைவாக்கினர் எலியாவின் கதை. விவிலியத்தில் 1 அரசர்கள் 19. பெரிய வெற்றிக்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என்கிறார். கடவுள் அவருக்கு முதலில் அறிவுரை சொல்லவில்லை. தூங்க விடுகிறார், அப்பமும் தண்ணீரும் தருகிறார், மறுபடி தூங்க விடுகிறார். கடவுள் பேசும் அந்த மெல்லிய ஒலி அதற்கு எவ்வளவோ பிறகுதான் வருகிறது. எனவே வெள்ளி இரவு ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். சனிக்கிழமை ஆறரை வரை எழுப்பாதீர்கள். தூக்கம் இல்லாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு மௌனம் நடத்தினால் குறட்டைதான் கேட்கும். இன்டர்னல் தேர்வு முடிந்த அடுத்த நாளே வைக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம்.

இப்போது யார் பேசுவது என்ற கேள்வி. ஒரே ஒருவர். முழு இரண்டு நாளும் அவரே. பிரபலமானவராக இருக்க வேண்டியதில்லை. சுருக்கமாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் ஆன்மப் பயிற்சிகள் நூலின் தொடக்கக் குறிப்புகளில் இரண்டாவது இதைத்தான் சொல்கிறது: பயிற்சி கொடுப்பவர் விஷயத்தைச் சுருக்கமாக எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும், ஏனென்றால் நிறைய அறிவு ஆன்மாவை நிறைப்பதில்லை, உள்ளே உணர்ந்து சுவைப்பதுதான் நிறைக்கும். எங்கள் அனுபவத்தில் பதினைந்து நிமிடப் பேச்சு, பிறகு ஒரு மணி நேரம் தனிமை. சனிக்கிழமை முழுவதற்கும் இப்படி மூன்று தடவை போதும். வருகிறவரிடம் முன்கூட்டியே, மரியாதையாக, ஆனால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "ஃபாதர், பதினைந்து நிமிஷத்துக்கு மேல போனா நாங்க மணி அடிச்சிடுவோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அந்த நூலுக்குப் பின்னால் இருப்பதே ஒரு கட்டாய ஓய்வின் கதை. 1521 மே மாதம் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டு இஞ்ஞாசியாரின் கால் நொறுங்கியது. லொயோலா வீட்டில் மாதக்கணக்கில் படுக்கை. வீரக் கதைகள் கேட்டார், வீட்டில் இருந்தது கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறும்தான். படித்துக்கொண்டும் பகற்கனவு கண்டுகொண்டும் கிடந்தபோது ஒன்றைக் கவனித்தார். வீரச் செயல்களைப் பற்றிய கனவு அந்த நேரம் இனித்தது, முடிந்ததும் மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழும் கனவு முடிந்த பிறகும் இனித்தது. கனவுக்குப் பின் மனம் எப்படி இருக்கிறது என்று பார்த்த அந்தப் பார்வைதான் பிற்பாடு ஆவிகளைத் தேர்ந்து தெளிதல், அதாவது மனதில் எழும் தூண்டுதல்களில் நல்லதைப் பிரித்தறிதல் என்ற முறையாக வளர்ந்தது. 1522-இல் மன்ரேசாவில் தங்கிச் செபித்தபோது எழுதத் தொடங்கிய குறிப்புகள் நூலாகி, 1548-இல் மூன்றாம் பவுல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்றன.

பொறுப்பில் இருக்கும் மாணவனுக்கு இதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆண்டு விழா மேடையில் கைதட்டு வாங்கிய இரவு, விடுதி அறைக்கு வந்தபின் மனம் எப்படி இருந்தது? காய்ச்சலில் கிடந்த ஜூனியருக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்த இரவு எப்படி இருந்தது? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். கூடவே ஒரு விதியையும் சொல்லிக் கொடுங்கள்: மனம் வறண்டு, இருண்டு கிடக்கும்போது முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றாதே. ராஜினாமாக் கடிதத்தை வாட்ஸ்அப் குழுவில் இரவு பன்னிரண்டு மணிக்குப் போடும் பழக்கம் உள்ள நம் தலைவர்களுக்கு இது மருந்து.

சரி, இயேசு சபை முறைதான் வேண்டுமா? இல்லை. பிரான்சிஸ்கன் வழியிலோ, தெசே என்ற பிரெஞ்சு துறவற சமூகத்தின் செபப் பாடல்களோடோ நடத்தலாம், நன்றாகவே இருக்கும். ஆனால் கல்லூரி என்றால் எனக்கு இஞ்ஞாசியார் நினைவுக்கு வர இன்னொரு காரணமும் உண்டு. பாரிஸில் புனித பார்பரா கல்லூரி விடுதியில் 1529-இல் அவருக்குக் கிடைத்த அறைத்தோழர்கள் பீட்டர் ஃபேபரும் சவேரியாரும். ஃபேபர் சீக்கிரம் இணங்கினார். சவேரியார் விளையாட்டு வீரர், பேராசிரியர் பதவிக்கனவு உள்ளவர். பிடி கொடுக்கவே இல்லை, ஆண்டுகள் ஆயின. 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ரில் ஏழு பேர் வாக்குறுதி எடுத்தபோது அவரும் இருந்தார். ஆனால் இஞ்ஞாசியாரின் நூல் சொல்லும் முப்பது நாள் பயிற்சியை அதற்குப் பிறகுதான் செய்தார். 1542-இல் கோவாவில் இறங்கி, அங்கிருந்து நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மணப்பாட்டிலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் பரதவர் பிள்ளைகளுக்குத் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்த மனிதர், ஒரு விடுதி அறைத்தோழன் வருடக்கணக்காகப் பொறுமையாக இருந்ததால் கிடைத்தவர். கேம்பஸ் மினிஸ்ட்ரி என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பழைய, நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மௌனத்தைப் பற்றிப் பயப்படாதீர்கள். சனிக்கிழமை காலைச் சிற்றுண்டியிலிருந்து மாலை நான்கு வரை வைத்துக்கொள்ளுங்கள். முதல் இருபது நிமிடம் சிரிப்பு அடக்க முடியாது. ஒருமுறை மௌன மதிய உணவில் சாம்பார் வாளி தூக்கி வந்த அண்ணனிடம் ஒரு பையன் "இன்னும் கொஞ்சம்" என்பதற்குக் கையால் என்னவோ செய்தான். அவர் "போதும்" என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிட்டார். வரிசை முழுக்கத் தோள்கள் குலுங்கின. அப்புறம் பக்கத்தில் இருந்த பெண், அவனோடு மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லாதவள், எழுந்து போய் ஒரு கிண்ணத்தில் சாம்பார் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பேச முடிந்திருந்தால் இருவரும் அன்றைக்கும் சண்டைதான் போட்டிருப்பார்கள். சமாதானம் பற்றி நாங்கள் ஓர் அமர்வுகூட வைத்திருக்கவில்லை.

போன்களை வாங்கி வைப்பதில் ஒரு நுணுக்கம். பறிமுதல் மாதிரி செய்யாதீர்கள். பழுப்பு உறையில் பெயர் எழுதி அவரவர் கையாலேயே போட்டு ஒட்டட்டும். அதற்கு முன் வீட்டுக்கு ஒரு போன் போட்டு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணைச் சொல்லிவிடட்டும். விடுதிப் பெண்களின் அம்மாக்கள் இரவு எட்டு மணிக்கு அழைப்பது வழக்கம். எடுக்கவில்லை என்றால் எட்டரைக்கு வார்டனுக்கு அழைப்பு போகும், ஒன்பதுக்கு ஆன்ம குருவுக்குப் போகும். மௌனம் அங்கே முடிந்தது.

ஆன்ம ஆய்வை, அதாவது பழையவர்கள் ஆத்தும சோதனை என்பார்களே அதை, சனிக்கிழமை இரவு சொல்லிக்கொடுங்கள். கால் மணி நேரம். நன்றி சொல்வது, ஒளி கேட்பது, அன்றைய பொழுதை மனதில் ஓட்டிப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்பு கேட்பது, நாளைக்கு ஒரு முடிவு எடுப்பது என்ற ஐந்து படிகளும் எல்லாருக்கும் வாயளவில் தெரியும். தலைவர்களுக்கு மூன்றாவது படியைக் கொஞ்சம் கூர்மையாக்கிக் கொடுக்க வேண்டும். "இன்று யாரைக் காயப்படுத்தினேன்" என்ற பொதுக் கேள்விக்குப் பொதுவான பதில்தான் வரும். "அழைப்பிதழில் என் பெயர் மூன்றாவதாக வந்தபோது எனக்குள் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். "கூட்டத்தில் அவள் யோசனை நல்லது என்று தெரிந்தும் ஏன் வெட்டிப் பேசினேன்?" என்று கேளுங்கள். அறையில் அசைவு நிற்கும். சீடர்கள் யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் இடம் கேட்ட கதையை அதற்கு முன் வாசித்திருந்தால் இன்னும் நல்லது. மற்ற பத்துப் பேருக்கும் கோபம் வந்தது ஏன் என்று அவர்களே யோசிப்பார்கள்.

ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வெளியிலிருந்து இரண்டு குருக்களாவது வரட்டும். கல்லூரி முதல்வரும் விடுதிப் பொறுப்பாளரும் குருக்களாக இருக்கலாம், நல்லவர்களாகவும் இருக்கலாம். ஆனாலும் இன்டர்னல் மதிப்பெண் போடுகிறவரிடமும் அவுட்பாஸ் தருகிறவரிடமும் போய் யாரும் மனம் திறந்து பாவசங்கீர்த்தனம் செய்ய மாட்டார்கள். 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 985-ஆம் சட்டமும் இதை ஒட்டியதுதான்: கல்வி நிறுவனத்தின் தலைவர், அதே வீட்டில் தங்கியிருக்கும் மாணவர்கள் குறிப்பிட்ட சந்தர்ப்பத்தில் தாங்களாகவே கேட்டாலன்றி அவர்களுடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக் கூடாது. வரிசையில் நிற்க வைக்காதீர்கள். இரண்டு மணி நேரம் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் போதும், வேண்டியவர் போவார்.

இறையழைத்தல் ஊக்குவிப்பாளர்களை, அதாவது குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் இளைஞர்களை அழைப்பவர்களை, கூப்பிடலாமா என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். இந்த இரண்டு நாளில் வேண்டாம் என்பது என் கருத்து. பயிற்சி கொடுப்பவர் தராசின் முள்போல நடுவில் நின்று, படைத்தவரும் படைப்பும் நேராகப் பேசிக்கொள்ள விட வேண்டும் என்பதும் அதே நூலின் தொடக்கக் குறிப்புகளில் உள்ளது. துண்டறிக்கை கொடுப்பவர் நடுவில் நிற்பவர் அல்ல.

மற்ற சபை, மற்ற மத நண்பர்கள் விஷயத்தை மைக்கில் அறிவிக்காமல் முன்பே தனித்தனியாகப் பேசிவிடுங்கள். மௌனம், தனிமை, எழுதுவது, பகிர்வு எல்லாம் அவர்களுக்கும்தான். திருப்பலியில் உட்காரலாம், நற்கருணை வாங்குவதில்லை. விரும்பினால் கைகளைக் குறுக்கே கட்டியபடி வந்து ஆசீர் பெறலாம், விரும்பாவிட்டால் இடத்திலேயே இருக்கலாம். இதை வியாழக்கிழமையே டீக்கடையில் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. ஞாயிறு காலை வரிசையில் நின்றபிறகு யாராவது தடுத்தால், அந்தப் பையன் அடுத்த வருடம் வரமாட்டான். வரவும் வேண்டியதில்லை.

குழுப் பகிர்வு ஒரே ஒரு முறை, சனி மாலை மௌனம் முடிந்ததும். ஆறு பேர் ஒரு வட்டம். ஒருவர் பேசும்போது மற்றவர் அறிவுரை சொல்லக் கூடாது. "நானும் அப்படித்தான்" என்றுகூட ஆரம்பிக்கக் கூடாது. பேச விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம். கண்ணீர் வந்தால் உடனே கைக்குட்டை நீட்ட வேண்டாம், கொஞ்ச நேரம் விடுங்கள். இங்கேதான் கவனம் வேண்டும். மௌனம் மூடியைத் திறக்கும். உள்ளே இருப்பது பல நேரம் அப்பாவின் குடி, கல்விக் கடன், காதல் முறிவு. சில நேரம் அதைவிடக் கனமானது. தன்னைத் துன்புறுத்திக்கொள்வதாகவோ, யாரோ தனக்குத் தீங்கு செய்வதாகவோ ஒரு பிள்ளை சொன்னால், "இங்கே பேசுவது இங்கேயே" என்ற விதி அதற்குப் பொருந்தாது என்பதை வட்டம் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். முதலாண்டு மாணவர்களில் பதினெட்டு நிரம்பாதவர்கள் இருப்பார்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டம் அவர்களுக்குப் பொருந்தும். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவர் அழைத்தால் வரும் தூரத்தில் இருக்கட்டும், ஆண் பெண் இரு தரப்பிலும் பெரியவர்கள் தங்கட்டும். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-ஐ எல்லா அறையிலும் ஒட்டுங்கள். செபம் போதும், ஆலோசகர் எதற்கு என்று சொல்பவர் இருந்தால் அவரைக் குழுவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதெல்லாம் உள்ளுக்குள்ளேயே முடிந்துவிடுகிறதே, சமூக அக்கறை எங்கே என்று உங்கள் இயக்கத்தில் ஒருவர் கேட்பார். சரியான கேள்வி. ஐக்கஃப் என்று நாம் சுருக்கிச் சொல்லும் அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பு 1924-இல் இயேசு சபையின் கார்ட்டி அடிகளால் தொடங்கப்பட்டது. பின்னாளில் அதன் தேசிய வழிகாட்டியாக இருந்த சேராக் அடிகள் மாணவர்களைக் கிராமங்களுக்கு வேலை முகாம்களுக்குக் கூட்டிப்போனவர். 1937-இல் பிரான்சிலிருந்து வந்து, 2012-இல் சென்னையில் இறந்தவர் அவர். எனவே ஞாயிறு காலைக்கு நான் சொல்வது ஓசானாம் என்ற மாணவனின் கதை. 1833, பாரிஸ். மாணவர் விவாத மன்றத்தில் திருச்சபையின் பெருமையை இந்த மாணவன் பேசப் பேச, எதிர்த்தரப்பு மாணவன் எழுந்து, அது பழைய கதை, இன்று நீங்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டான். ஓசானாமுக்கு அப்போது இருபது வயது. பதில் பேச்சு தயாரிக்காமல் நண்பர்களைக் கூட்டினார். ரோசலி என்ற அருள்சகோதரி ஏழைகளின் வீடுகளுக்கு எப்படிப் போக வேண்டும் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நம் பங்கு ஆலயங்களில் தாத்தாக்கள் நடத்துவதாக நீங்கள் நினைக்கும் வின்சென்ட் தே பவுல் சபை அப்படித்தான் பிறந்தது. நடத்தியவர்கள் உங்கள் வயதுக்காரர்கள்.

அந்தக் கதைக்குப் பிறகு பேச்சு வேண்டாம். ஒரு தாள், ஓர் உறை. ஒவ்வொருவரும் இரண்டு விஷயம் எழுதட்டும்: இந்த வருடம் நான் விட்டுவிடப் போகும் ஒரு பொறுப்பு, நான் நேரில் போய்ப் பார்க்கப் போகும் ஒரு ஆள். பெயரோடு எழுத வேண்டும். "ஏழைகள்" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறையின்மேல் தங்கள் வீட்டு முகவரியை எழுதி ஒட்டித் தரட்டும், ஒரு மாதம் கழித்து நீங்கள் தபாலில் போட வேண்டும்.

தபால்தலையை இப்போதே வாங்கி உறைகளில் ஒட்டி வைத்துவிடுங்கள். ஒருமுறை நான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதில், ஜூலையில் எழுதிய இருபத்தெட்டுக் கடிதங்கள் கிறிஸ்துமஸ் வரை என் அலமாரியில் கிடந்தன.